அக்கா கேட்கிறாள், தம்பி கை காட்டுகிறான்

கேள்வி: எனக்கு 26 மாத இரட்டைக் குழந்தைகள். முதலில் பிறந்தவள் பெண். மூன்று நிமிடம் கழித்துப் பிறந்தவன் பையன். 34ஆம் வாரத்திலேயே பிறந்துவிட்டதால் இருவரும் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 நாட்கள் இருந்தார்கள். மகள் இப்போது "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறாள். மகன் பதினைந்து சொற்களுக்கு மேல் சொல்வதில்லை. வேண்டியதைக் கை காட்டுவான். அவனுக்காக அவள் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுவாள். தங்களுக்குள் மட்டும் எங்களுக்குப் புரியாத ஏதோ ஒரு மொழியில் நெடுநேரம் பேசிச் சிரிக்கிறார்கள். "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்" என்கிறார் என் மாமியார். "இருவரையும் பிரித்து வைத்தால்தான் பேச்சு வரும்" என்கிறார் ஓர் உறவினர். இருவரையும் பார்த்துக்கொள்வதிலேயே பொழுது போய்விடுகிறது. அவர்களோடு போதிய அளவு பேசாமல் விட்டுவிட்டேனோ என்ற குற்ற உணர்வு மனத்தை அரிக்கிறது. காத்திருக்கலாமா, அல்லது யாரையாவது பார்க்க வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகளைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். மகனுக்கு இந்த மாதத்துக்குள் காது கேட்கும் திறனைச் சோதித்துவிட்டு, அந்த அறிக்கையோடு பேச்சு, மொழிப் பயிற்சி அளிக்கும் வல்லுநர் ஒருவரைப் பாருங்கள். இருவரையும் பிரித்து வைக்கத் தேவையில்லை. பயந்து ஓட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. ஆனால் மூன்று வயது வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் நிலையிலும் அவன் இல்லை.

முதலில் வயதுக் கணக்கு. 40 வாரம் முழுமையான கருக்காலம் என்றால் உங்கள் குழந்தைகள் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்திருக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளின் வளர்ச்சியை மதிப்பிடும்போது அந்த ஆறு வாரத்தைக் கழித்துப் பார்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் அவர்களுக்கு இப்போது 24 மாதங்களும் இரண்டு வாரமும் ஆகின்றன. இந்தக் கழிவைப் பொதுவாக இரண்டு வயது வரைக்கும்தான் கொடுப்போம். ஆகவே "குறைமாதத்தில் பிறந்தவன், அதனால்தான்" என்ற சமாதானம் ஏறக்குறையத் தீர்ந்துபோன சமாதானம். இரண்டு வயதில் ஒரு குழந்தை ஏறத்தாழ ஐம்பது சொற்களைச் சொல்வதையும், இரண்டு சொற்களை ஒட்டிப் பேசத் தொடங்குவதையும் எதிர்பார்க்கிறோம். உங்கள் மகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டாள். மகன் இன்னும் வரவில்லை.

பதினைந்து என்று நீங்கள் எழுதியிருக்கும் எண்ணிக்கையை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். தெளிவாக உச்சரிக்கும் சொற்களை மட்டும் எண்ணிவிட்டு மற்றவற்றைப் பெற்றோர் விட்டுவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். நாயைப் பார்க்கும்போதெல்லாம் அவன் "பௌ பௌ" என்றால் அது ஒரு சொல். ரயிலை எப்போதும் "யயி" என்று சொன்னாலும் அது ஒரு சொல்தான். ஒரே ஒலியை ஒரே பொருளுக்கு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகவே பயன்படுத்துகிறானா என்பதே அளவுகோல்; உச்சரிப்பு அளவுகோல் அன்று. அக்காவோடு பேசும்போது மட்டும் அவன் சொல்லும் சொற்களையும் இதே அளவுகோலில் வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை இருபத்தைந்து ஆனாலும் வியப்பதற்கில்லை. ஆனாலும் இரண்டு சொற்கள் இன்னும் ஒட்டவில்லை என்பதால் என் ஆலோசனை மாறாது.

அடுத்து, உங்களை அரிக்கும் அந்தக் குற்ற உணர்வு. இரட்டையர்கள் தனியாகப் பிறந்த குழந்தைகளைவிடச் சற்றுப் பிந்திப் பேசுவது பல காலமாக அறியப்பட்ட செய்தி. அதற்குக் கருப்பையிலும் பிரசவத்திலும் நேரும் சிக்கல்களே காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். மைக்கேல் ரட்டர் முதலிய ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு, இரட்டையர்களை, வயது நெருக்கத்தில் உடன்பிறப்பு உள்ள தனிக்குழந்தைகளோடு ஒப்பிட்டது. 20 மாதத்தில் ஏறத்தாழ இரண்டு மாதமும், மூன்று வயதில் ஏறத்தாழ மூன்று மாதமும் இரட்டையர்கள் பின்தங்கியிருந்தார்கள். அந்த இடைவெளியைப் பிரசவச் சிக்கல்களால் விளக்க முடியவில்லை, பெற்றோருக்கும் குழந்தைக்கும் இடையே நடக்கும் பேச்சின் தன்மையால் ஓரளவு விளக்க முடிந்தது. இதைப் படித்ததும் "அப்படியானால் என் தவறுதானே" என்று நீங்கள் எண்ணக்கூடும். அப்படியில்லை. இரட்டையரின் தாய்மார் மொத்தத்தில் குறைவாகப் பேசுவதில்லை. அதே அளவு பேச்சு இரண்டாகப் பங்கிடப்படுவதால், ஒவ்வொரு குழந்தையையும் தனியாகப் பார்த்துச் சொல்லப்படும் பேச்சுதான் குறைகிறது. மைக்கேல் டோமசெல்லோ குழுவினர் 1986லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு இருப்பது ஒரு வாய், இரண்டு குழந்தைகள். இதில் அக்கறைக் குறைவு எங்கே வந்தது?

பேச்சின் அளவைவிட அதன் வகை எப்படி மாறுகிறது என்பதைப் பாருங்கள். ஒற்றைக் குழந்தைக்குச் சட்டை மாட்டும் தாய் சட்டையை அதன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, "கை எங்கே போச்சு? காணோமே!" என்பாள், குழந்தை சிரிக்கும், "இதோ வந்துருச்சு கை!" என்பாள், அது மறுகையையும் ஒளித்துவைத்து விளையாட்டை நீட்டிக்கும். இரட்டையர் வீட்டில் ஒருத்தியின் ஒரு கை சட்டைக்குள் போயிருக்கும்போதே மற்றவன் குளியலறைக் குழாயைத் திறந்திருப்பான். அப்போது தாயின் வாயிலிருந்து வருவது "நில்லு", "அதைத் தொடாதே", "இங்கே வா", "அவளுக்கும் குடு" ஆகியவைதான். இவை எல்லாம் கட்டளைகள். கட்டளைக்குக் குழந்தை உடம்பால் பதில் சொன்னால் போதும், வாயால் சொல்ல வேண்டியதில்லை. உரையாடல் முதல் அடியிலேயே முடிந்துவிடுகிறது. நாள் முழுவதையும் மாற்றுவது நடக்காத காரியம். நாளில் சில நிமிடங்களை மாற்றினாலே போதும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவர்களுடைய "தனி மொழி" உங்களை அச்சுறுத்த வேண்டாம். பெரும்பாலும் அது புதிதாகப் படைக்கப்பட்ட மொழி இல்லை. வீட்டில் புழங்கும் சொற்களே, மழலையில் உடைந்து, அப்படியே நிலைத்துப்போனவை. ஒரு குழந்தை தண்ணீரைக் காட்டி "தத்தி" என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால், "தண்ணியா? தண்ணி வேணுமா?" என்று திருப்பிக் கேட்பார், நாளடைவில் "தத்தி" மெல்லத் திருந்தி "தண்ணி" ஆகிவிடும். அருகில் இருப்பது அதே வயதுக் குழந்தையானால் அதற்கு "தத்தி" அப்போதே புரிந்துவிடும். குவளையை எடுத்து நீட்டிவிடும். சொல் வேலை செய்துவிட்டது, இனி அதை யார் திருத்துவார்கள்? இப்படி ஒரு நூறு சொற்கள் சேர்ந்தால் வெளியே நிற்பவருக்கு அது வேற்றுமொழி போலவே ஒலிக்கும். இரண்டு பேரும் பேசிக்கொள்ளும்போது சற்றுத் தள்ளி உட்கார்ந்து கவனியுங்கள். பாதிச் சொற்களின் மூலம் உங்களுக்கே பிடிபடும்.

பிரித்து வைக்கச் சொன்ன உறவினரின் யோசனைக்கும் ஒரு பழைய வேர் உண்டு. சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா 1950களில் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதான இரட்டைச் சிறுவர்களை மழலையர் பள்ளியில் வெவ்வேறு குழுக்களில் சேர்த்தபோது, தங்களுக்குள் மட்டும் புரியும் பேச்சை விட்டு அவர்கள் விரைவில் பொதுப் பேச்சுக்கு வந்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஐந்து வயது. மற்றவர்களோடு பேச வேண்டிய தேவையே அதுவரை அவர்களுக்குப் பெரிதாக எழவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு வயது. மகள் உங்களோடு தெளிவாகப் பேசத் தொடங்கியும் விட்டாள். அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, உடன்பிறப்பு அல்லாத ஆட்களோடு பேசும் தேவை குழந்தைக்கு உண்டாக வேண்டும் என்பதை மட்டுமே. அதற்கு ஒரு மணி நேரம் ஒருவனைப் பாட்டியோடு விட்டால் போதும். தங்களுக்குள் பேசுவதைத் தடுக்காதீர்கள். அவ்வளவு நேரம் மாறி மாறிப் பேசிச் சிரிப்பதே ஓர் உரையாடல் பயிற்சி. மூன்று வயதைக் கடந்த பிறகும் அந்தப் பேச்சு மட்டுமே இருந்து, வீட்டாரோடு பேசும் பேச்சு வளரவில்லை என்றால்தான் அது சிக்கல்.

இப்போது மகனின் காது. இதைத்தான் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாட்களுக்கு மேல் இருந்த குழந்தைகளின் செவித்திறனைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பது பொதுவான மருத்துவ நடைமுறை. பிறந்தவுடன் செய்த சோதனையில் தேறியிருந்தாலும் இது பொருந்தும். அதோடு, சளி பிடிக்கும்போது செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குவது இந்த வயதில் மிகச் சாதாரணம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டாற்போல் ஒலி மங்கிக் கேட்கும். இரட்டையர் வீட்டில் ஒருவர் சளி மற்றவருக்குப் போவதும், அவர் தேறும்போது இவருக்குத் திரும்புவதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"கூப்பிட்டால் திரும்புகிறானே, டாக்டர்" என்று பல பெற்றோர் சொல்வார்கள். (நான் டாக்டர் இல்லை என்று ஒவ்வொரு முறையும் திருத்துவதை விட்டுவிட்டேன்.) இரட்டையரிடம் இந்த வீட்டுச் சோதனையை நம்பவே கூடாது. ஒருமுறை அறையின் பின்புறமிருந்து ஒரு கிலுகிலுப்பையை மெல்ல ஆட்டினேன். தரையில் விளையாடிக்கொண்டிருந்த இரட்டையர் இருவரும் திரும்பினார்கள். தாய்க்கு நிம்மதி. பிறகு ஒருத்தியை வெளியே அனுப்பிவிட்டு மீண்டும் ஆட்டினேன். உள்ளே இருந்தவள் திரும்பவில்லை. முதல் முறை அவள் திரும்பியது கிலுகிலுப்பையின் ஒலிக்கு அன்று, சகோதரியின் தலை திரும்பியதைப் பார்த்து. ஆகவே மகனைத் தனியாக, முறையான கருவிகள் உள்ள இடத்தில் சோதிக்க வேண்டும். காதுக்குள் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் முடியும் சோதனை, செவிப்பறையின் அசைவை அளக்கும் சோதனை, ஒலி வரும் பக்கம் குழந்தை திரும்புகிறதா என்று பார்க்கும் சோதனை எனப் பல உண்டு, எதுவும் வலிக்காது.

மாமியார் சொல்வதில் பொய் இல்லை. சராசரியில் ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளைவிடச் சிறிது பிந்தியே பேசுகிறார்கள். ஆனால் அந்தச் சராசரி வேறுபாடு மிகச் சிறியது. இவனுடைய நிலையை விளக்க அது போதாது. இன்னொன்றையும் வீட்டாரிடம் சொல்லுங்கள்: ஆணும் பெண்ணுமான இரட்டையர்கள் மரபணு அளவில் மற்ற அக்கா, தம்பி போன்றவர்கள்தாம். ஒரே நாளில் பிறந்தது தவிர அவர்கள் ஒரே வேகத்தில் வளர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அதனால் மகனை மகளோடு ஒப்பிடாதீர்கள். அவன் வயதோடு ஒப்பிடுங்கள். "அவள் வாயாடி, அவன் சாது" என்பன போன்ற பட்டங்களை அவர்கள் காதுபடச் சொல்வதையும் நிறுத்துங்கள். அவனுக்கு எவ்வளவு புரிகிறது என்பது நமக்கு இன்னும் முழுதாகத் தெரியாது.

மூன்று நிமிட மூப்பில் அக்கா ஆகிவிட்டவள், அதோடு தம்பியின் பேச்சாளர் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள், அவள் செய்வது அன்பினால். அவன் கை காட்ட, அவள் "தம்பிக்குப் பந்து" என்று கேட்கும்போது, "நீ சொன்னது கேட்டுச்சு கண்ணா, தம்பியும் சொல்றானான்னு பார்ப்போம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பத்து விநாடி என்பது தாய்க்கு மிக நீண்ட நேரம். பெரும்பாலானோர் மூன்றிலேயே பேசிவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் அவன் "ப" என்று உதட்டைச் சேர்த்தாலும் அது பேச்சுதான்; பந்தைக் கொடுத்துக்கொண்டே "பந்து! சிவப்புப் பந்து!" என்று சொல்லுங்கள். எதுவும் வராவிட்டாலும் பொருளைக் கொடுத்துவிட்டு, கொடுக்கும்போது சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கள். "சொன்னால்தான் தருவேன்" என்று தண்ணீர்க் குவளையை மேலே தூக்கிப் பிடிக்கும் பழக்கத்தை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. பேச முடியாத குழந்தையிடம் பேச்சை விலையாகக் கேட்டால் அவனுக்கு அழுகைதான் வரும், பேச்சு வராது. அதைவிட, ஒரு கையில் பந்தும் மறு கையில் குவளையும் வைத்துக்கொண்டு "பந்தா, தண்ணியா?" என்று கேட்டால் இரண்டு சொற்களும் அவன் காதில் விழுந்துவிடும்; அவன் கை நீட்டினாலும் உரையாடல் நடந்ததாகிவிடும்.

நாளில் சில நிமிடங்கள் என்று சொன்னேன் அல்லவா? ஒவ்வொரு குழந்தைக்கும் நாளுக்குப் பத்து நிமிடம், மற்றவர் இல்லாத தனி நேரம் வேண்டும். இதற்கென்று புதிதாக நேரம் உண்டாக்கத் தேவையில்லை. துணி மடிக்கும்போது ஒருவன் உங்களோடு, குளிக்கும்போது ஒருத்தி அப்பாவோடு, மறுநாள் மாற்றி. அந்தப் பத்து நிமிடத்தில் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். "இது என்ன? இது என்ன கலர்? சொல்லு பார்ப்போம்" என்பதெல்லாம் தேர்வு. அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்: "அப்பா சட்டை. பெரிய சட்டை. கை உள்ள போகுது." அவன் ஒரு சொல் சொன்னால் நீங்கள் அதோடு ஒன்று சேர்த்து இரண்டாகத் திருப்பிக் கொடுங்கள், ஆறு சொல் வாக்கியமாக நீட்ட வேண்டாம்.

இருவரும் சேர்ந்திருக்கும் நேரத்தில் பெயர் சொல்லி அழைத்த பிறகு பேசுங்கள். "குட்டிகளா", "ரெண்டு பேரும்" என்று எப்போதும் கூட்டாகவே கூப்பிடும் வீட்டில் எந்தப் பேச்சு தனக்கு உரியது என்று குழந்தைக்குத் தெரியாது. இரண்டு பெயர்களையும் ஒட்டி ஒரே பெயராகக் கூப்பிட்டுப் பழகிய வீட்டில் குழந்தை தன் தனிப்பெயருக்குத் திரும்பாததையும் பார்த்திருக்கிறேன். படப்புத்தகம் காட்டும்போது ஆளுக்கொரு மடியில் வைத்துக்கொள்வது பார்க்க அழகுதான். ஆனால் அப்போது இருவருக்குமே உங்கள் வாய் தெரிவதில்லை. இருவரையும் எதிரே உட்கார வைத்து, புத்தகத்தை உங்கள் முகவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். உதடு குவிவதும் விரிவதும் தெரிந்தால் போலச் செய்வது எளிது.

திரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்காமலே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இந்த வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது என்கிறது. சமையல் முடியும் வரை இருபது நிமிடம் காட்டினீர்கள் என்பதற்காக உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். ஆனால் பேச்சு கற்றுக்கொடுக்கும் என்று நம்பிக் காட்டாதீர்கள், அவன் "ப" என்று சொன்னால் "பந்தா?" என்று திருப்பிக் கேட்கத் திரைக்குத் தெரியாது.

வல்லுநரிடம் போகுமுன் சிலவற்றைக் கவனித்து வையுங்கள். சைகை காட்டாமல், "செருப்பை எடுத்து அப்பாகிட்ட குடு" என்று அக்கா அருகில் இல்லாதபோது சொன்னால் செய்கிறானா? வேண்டியதைக் கேட்கக் கை காட்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல அறிகுறி. வானத்தில் போகும் விமானத்தை உங்களுக்குக் காட்டுவதற்காகவும் விரல் நீட்டி உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? பொம்மைக்கு ஊட்டுவது போன்ற பாவனை விளையாட்டு இருக்கிறதா? இவை இருந்தால், தாமதம் பேச்சோடு நிற்கிறது என்று எண்ண இடமுண்டு; அப்படிப்பட்ட குழந்தைகளில் பலர் எட்டிப்பிடித்து விடுகிறார்கள். இவை இல்லையென்றாலோ, சொல்லிக்கொண்டிருந்த சொற்களை அவன் இழந்திருந்தாலோ, குழந்தை மருத்துவரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஆட்டிசத்துக்கான தொடக்கநிலைக் கேள்விப்பட்டியலை 16 முதல் 30 மாதத்துக்குள் நிரப்புவார்கள். அவனுக்கு 26 மாதம் என்பதால் அதையும் இப்போதே கேட்டு நிரப்பிவிடலாம். இதைச் சந்தேகத்தின் பேரில் சொல்லவில்லை, வழக்கமாகச் செய்வது என்பதால் சொல்கிறேன்.

இரண்டு சிறு குறிப்பேடுகள் வாங்கி, ஆளுக்கொன்றாக, அடுத்த இரண்டு வாரம் அவர்கள் தாமாகச் சொல்லும் சொற்களை எழுதி வாருங்கள். ஒலிப்பு எப்படி இருந்ததோ அப்படியே எழுதுங்கள், திருத்தி எழுத வேண்டாம். இருவரும் தங்களுக்குள் பேசுவதை ஐந்து நிமிடம் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பேச்சு வல்லுநரைப் பார்க்கப் போகும் நாளில் மகனின் குறிப்பேட்டையும் செவிச்சோதனை அறிக்கையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மகளை மட்டும் வீட்டில் பாட்டியோடு விட்டுச் செல்லுங்கள். அவளும் வந்தால், அங்கே கேட்கும் எல்லாக் கேள்விக்கும் அவளே பதில் சொல்லிவிடுவாள்.